'பை' போடுவதா, 'அன்டில்' போடுவதா?

கேள்வி (கிருஷ்ணகிரி): ஜூன் 15க்குள் மாங்கூழ் டிரம்களை அனுப்புவோம் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'பை ஜூன் 15' சரியா, 'அன்டில் ஜூன் 15' சரியா?

பதில்: 'பை' தான். 'அன்டில்' போட்டால் 15 வரை அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்றாகிவிடும். தமிழில் தேதியோடு 'க்குள்' வந்தால் பை, 'வரை' வந்தால் அன்டில். இந்த விலை ஜூன் 15 வரை செல்லுபடியாகும் என்பதற்கு 'வேலிட் அன்டில்'. அந்த நாளும் சேர்த்தியா என்று சண்டை வரும். 'அப் டு அண்ட் இன்க்ளூடிங்' என்றே எழுதிவிடுங்கள்.

பதில் (ஓசூர்): பணம் கேட்கும்போது 'இன் 10 டேஸ்' வேண்டவே வேண்டாம். பத்து நாள் கழித்து என்றும் படிப்பார்கள். 'வித்தின் 10 டேஸ் ஆஃப் இன்வாய்ஸ் டேட்' எழுதுங்கள்.

பதில் (அரூர்): விலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதும்போது 'டிஸ்கஸ் அபவுட்' தப்பு. நம் 'பற்றி' ஒட்டிக்கொண்டு வருகிறது. 'டிஸ்கஸ் தி ரேட்' போதும்.