பெரிதாக அறிவிக்கப்படும் விளையாட்டுகள்: ஆர்வம் குறையாமல் ஏமாற்றத்தை மட்டும் குறைக்க முடியுமா?

கேள்வி: கார்முகில்

வணக்கம். புதிய வீடியோ விளையாட்டு ஒன்றின் டிரெய்லர் வந்தால், ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நண்பர்களோடு விவாதித்து, அது வெளியாகும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது என் வழக்கம். அண்மையில் நடந்த ஓர் அறிவிப்பு நிகழ்ச்சியில், நான் மிகவும் எதிர்பார்த்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. அதன்பின் சில நாட்கள் எதிலும் மனம் ஒட்டவில்லை. வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு வருத்தமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னால் அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. நீங்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

மறுமொழி: நெடுவழி

அந்த விளையாட்டு நிகழ்ச்சியில் இடம்பெறும் என்று நிறுவனமே சொல்லியிருந்ததா, அல்லது ரசிகர் குழுக்களில் சுற்றிய ஊகமா? முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். அடுத்து, இதுவரை உண்மையில் என்ன காட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். மெட்ராய்டு பிரைம் 4 விளையாட்டை நின்டெண்டோ 2017 ஜூனில் அறிவித்தபோது திரையில் வந்தது பெயர்ச் சின்னம் மட்டுமே. 2019 ஜனவரியில், பணி தாங்கள் விரும்பிய தரத்தை எட்டவில்லை என்று அவர்களே வெளிப்படையாகக் கூறி, ரெட்ரோ ஸ்டுடியோஸ் என்ற விளையாட்டுத் தயாரிப்புக் குழுவிடம் ஒப்படைத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். விளையாட்டு நம் கைக்கு வந்ததோ 2025 டிசம்பரில். எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்கு 2018 ஜூனில் வெளியானதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நிலக்காட்சிதான். இத்தகைய அறிவிப்புகளை, இப்படியொன்றைச் செய்ய எண்ணியிருக்கிறார்கள் என்ற அளவில் மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். யாரேனும் விளையாடிக் காட்டும் வரை மனத்தில் நாள் குறிப்பதில்லை.

மறுமொழி: செங்காந்தள்

நெடுவழி சொல்வது சரியே. ஆயினும் முழுப் பொறுப்பையும் ரசிகர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. சைபர்பங்க் 2077 விளையாட்டு 2012-இல் அறிவிக்கப்பட்டு, 2020-இல் மட்டும் மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று வெளியானது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4-இல் அது எவ்வளவு மோசமாக ஓடியது என்பது, பணம் கட்டியவர்கள் விளையாடத் தொடங்கிய பிறகே வெளியே தெரிந்தது. அதே மாதத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஊகங்களை ஒதுக்கிவிட்டு நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பியவர்களும் அங்கே ஏமாந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே முன்பதிவு செய்யாதீர்கள். உங்களிடம் உள்ள அதே கருவியில் விளையாடிப் பார்த்து எழுதிய விமர்சனம் வரும்வரை பொறுத்திருங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்குவதானால், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்கியவுடன் அந்த இரண்டு மணி நேரத்தைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள்.

மறுமொழி: பனித்துளி

எதையும் எதிர்பார்க்காதே என்ற அறிவுரையை மட்டும் ஏற்காதீர்கள். நண்பர்களோடு காத்திருக்கும் அந்த மாதங்களின் மகிழ்ச்சி உண்மையானது. விளையாட்டு எப்படி அமைந்தாலும் அது பொய்யாகிவிடாது. நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஆகஸ்டில் வெளியானபோது, ஒரே கோளின் ஒரே இடத்துக்குச் சென்ற இருவர் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போனது பெரும் கோபத்தைக் கிளப்பியது. பலர் சேர்ந்து விளையாடும் வசதி 2018 ஜூலையில்தான் முறையாக வந்தது, அதுவும் கூடுதல் கட்டணம் இல்லாமல். வெளியான அன்றே தீர்ப்பு எழுதிவிடத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பின்னால் சரிசெய்வார்கள் என்று நம்பி முதல் நாளே வாங்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எல்லா நிறுவனமும் அப்படி உழைப்பதில்லை.

மறுமொழி: கார்முகில்

மூவருக்கும் நன்றி. நெடுவழி கேட்டதற்குப் பதில்: நிறுவனம் வெளியீட்டு ஆண்டை மட்டுமே சொல்லியிருந்தது, நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு ரசிகர் குழுவில் எழுந்ததுதான். முன்பதிவுத் தொகை எதுவும் கட்டவில்லை, இனியும் கட்டப்போவதில்லை. நண்பர்களோடு சேர்ந்து நிகழ்ச்சிகளைப் பார்ப்பதை மட்டும் தொடர்வேன். என்னிடம் இருப்பது பழைய கன்சோல். அத்தகைய கருவிகளில் ஓட்டிப் பார்த்துத் தமிழில் விமர்சிப்பவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள்.