பிளின்ட்லாக் துப்பாக்கிக்கான வேட்டைப்பை: கையால் தைத்த விளிம்பு ஏன் கிழிகிறது?

கேள்வி | லங்காஸ்டர்வாசி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய வகையான பிளின்ட்லாக் துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. நான் பயன்படுத்துவது குழல்வாய் வழியே வெடிமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்கும் 50 காலிபர் (அரை அங்குலக் குழல்விட்டம்) நீள்துப்பாக்கி. அதற்குப் பொருத்தமாக, 18-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டிய முறையிலேயே ஒரு தோல்பையைக் கையால் தைத்தேன். மெல்லிய மாட்டுத்தோலில் 10 அங்குல அகலமும் 11 அங்குல ஆழமும் கொண்ட பை அது. தையல் அழகாக அமைய வேண்டும் என்ற ஆசையில் அங்குலத்துக்கு 12 தையல்கள் போட்டிருந்தேன்.

ஒரே பருவத்தில் பையின் வாயருகே இரு ஓரங்களிலும் தையல் வரிசையை ஒட்டியே தோல் கிழிந்துவிட்டது. நூலோ அறுபடாமல் அப்படியே இருக்கிறது. அடிமூலைகள் சுருங்கி முடிச்சுப்போல் நிற்கின்றன. குனிந்தால் பை முன்னே சரிந்து விழுகிறது, குண்டைத் தேடினால் கைக்கு முதலில் அகப்படுவது சக்கிமுக்கிக் கல்லாக இருக்கிறது. இப்பையைச் செப்பனிட முடியுமா, அல்லது புதிதாகத் தொடங்குவதுதான் சரியா? புதிதாகத் தைப்பதென்றால் தோலின் கனம், தையலின் இடைவெளி, பையின் அளவு ஆகியவற்றை எப்படி முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி | குத்தூசி

வணக்கம் ஐயா. நூல் அறுபடாமல் தோல் மட்டும் கிழிந்திருக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே காரணம் தெரிந்துவிடுகிறது. அங்குலத்துக்கு 12 துளைகள் என்பது மெல்லிய தோலில் அஞ்சல்தலைத் தாளின் துளைவரிசை போன்றது. இழுவிசை வந்தவுடன் அந்தக் கோட்டிலேயே அது பிரியும். கிழிந்த கோட்டுக்கு உள்ளே தள்ளி மறுபடி தைத்தால் இன்னொரு பருவம் ஓடலாம், ஆனால் அதற்குச் செலவிடும் உழைப்பைப் புதிய பைக்குச் செலவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட மாட்டுத்தோல் அல்லது கன்றுத்தோலை 3 முதல் 4 அவுன்ஸ் கனத்தில், அதாவது 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிப்பில் வாங்குங்கள். குரோமியத்தால் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடையாது. ஈரத்தில் வடிவம் கொடுத்தாலும் அது நிலைக்காது. அங்குலத்துக்கு 7 தையல்கள் போதும். தேன்மெழுகு தேய்த்த லினன் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசியால் இட்ட ஒரே துளைக்குள் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையலே இதற்கு உரியது, ஏனென்றால் ஓரிடத்தில் ஒரு நூல் தேய்ந்து அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலைப் போல வரிசையாகப் பிரிந்துகொண்டே போகாது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். முன்தோலையும் பின்தோலையும் நேரடியாகச் சேர்த்துத் தைக்காதீர்கள். வழவழப்பான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவே அரை அங்குல அகலமுள்ள மெல்லிய தோல்வார் ஒன்றை இடுக்கி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு பையை வெளிப்புறமாகப் புரட்ட வேண்டும். அந்த இடைவார்தான் நூலை உராய்விலிருந்து காக்கிறது, தையல் இடைவெளியை மூடுகிறது, பைக்குத் தன் வடிவில் நிற்கும் உறுதியையும் தருகிறது. புரட்டுமுன் தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நீர் சொட்டாத அளவுக்கு ஈரம் வாங்கவிடுங்கள். உலர்ந்த தோலைப் புரட்டினால் மேற்பரப்பு வெடிக்கும். அடிமூலைகளைச் சதுரமாக வெட்டியதால்தான் உங்களுக்குச் சுருக்கம் விழுந்திருக்கிறது. அவற்றை நன்றாக வளைத்து வெட்டி, வளைவில் தையலுக்கு வெளியே உள்ள ஓரத்தை 3 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டால், முனை மழுங்கிய மரக்கோலால் உள்ளிருந்து தள்ளும்போது மூலை தானாக விரியும்.

வாயின் இரு ஓரங்களிலும் கடைசி மூன்று தையல்களைத் திரும்பி வந்து இரட்டிப்பாக்குங்கள். தோள்வாரை ஒருபோதும் அந்த ஓரத் தையலோடு சேர்க்காமல், பின்தோலின் உட்புறம் ஒரு தோல்துண்டை வலுவுக்கு வைத்து அதன்மேல் கட்டமாகத் தையுங்கள். முழுச் சுமையையும் தாங்குவது அந்த இடம்தான்.

மறுமொழி | கொம்பும்குண்டும்

முன்னவர் தையலைப் பற்றிச் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் உங்கள் தொல்லையில் பாதி தையலில் இல்லை, அளவில் இருக்கிறது. பழைய பைகளில் பல, இன்று நாம் தைப்பவற்றைவிடச் சிறியவை. பெரிய பை இருந்தால் அதை நிரப்பத் தோன்றும். நிரப்பினால் அது ஆடும். ஆடும் சுமைதான் வாயோரத்தைக் கிழிக்கும்.

ஒரு மேசைமேல் உங்களுக்கு உண்மையில் தேவையானவற்றைப் பரப்பிப் பாருங்கள். 0.490 அங்குலக் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 177 கிரெய்ன், அதாவது 11.5 கிராம். ஒரு நாள் மான் வேட்டைக்கு 10 குண்டுகள் மிகத் தாராளம். அவை 115 கிராமுக்குள் அடங்கும். குண்டைச் சுற்றும் துணித்துண்டுகள், இரண்டு சக்கிமுக்கிக் கற்கள், தீ குழலுக்குள் செல்லும் தீத்துளையைத் துலக்கும் கம்பி, பற்றவைக்கும் மருந்தை இடும் கிண்ணியைத் துடைக்கும் சிறு தூரிகை, மருந்தளவி, குழலைத் துடைக்கும் சணல்நார், அதைக் கோக்கும் திருகுமுனை, இவ்வளவுதான். குண்டைத் தொடக்கத்தில் அழுத்தும் குட்டைக்கோலை எல்லோரும் இன்று வைத்திருக்கிறார்கள், ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அது வழக்கில் இருந்ததற்கான சான்று மிகக் குறைவு. இவை அனைத்தும் 7 அங்குல அகலமும் 8 அங்குல ஆழமும் உள்ள பையில் அடங்கும். குண்டுகளை மான்தோலில் தைத்த சிறு சுருக்குப்பையில் தனியே வைத்துவிட்டால், குளிரில் மரத்த விரல்களும் தவறாமல் எடுக்கும்.

பையின் மேல்விளிம்பு முழங்கைக்குச் சற்றுக் கீழே, விலாவோடு ஒட்டி நிற்க வேண்டும். தோள்வாரின் நீளத்தைச் சட்டையோடு அளந்துவிடாதீர்கள். ஜனவரியில் அணியும் கனத்த மேலங்கியை அணிந்துகொண்டு அளவு எடுங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்க வாரில் ஒரு கொக்கி வைத்துவிட்டால் கவலையே இல்லை.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். வலக்கைக்காரருக்குப் பை தொங்குவது வலப்பக்கம். பொறி பறக்கும் கிண்ணி இருப்பதும் துப்பாக்கியின் வலப்பக்கமே. ஆகவே மூடி வாயை முழுவதும் மறைத்து, பையின் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். வெடிமருந்து எப்போதும் அதற்கென உள்ள, அடைப்பானிட்ட மாட்டுக்கொம்பில்தான் இருக்க வேண்டும், ஒரு சிட்டிகைகூடப் பைக்குள் சிந்திக் கிடக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர் | லங்காஸ்டர்வாசி

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அட்டையில் 7க்கு 8 வெட்டிப் பொருள்களை வைத்துப் பார்த்தேன், எல்லாம் அடங்குகிறது. தையல் நீளம் ஏறத்தாழ 22 அங்குலம் வருவதால் அதன் நான்கு மடங்கான 88 அங்குல நூலும் முடிச்சுக்குக் கொஞ்சமும் எடுத்துக்கொள்கிறேன். இரும்பை வினிகரில் ஊறவைத்த சாயத்தால் தோலைக் கறுப்பாக்க விரும்புகிறேன். தைத்த பிறகு பூசலாமா?

மறுமொழி | குத்தூசி

தைப்பதற்கு முன்பே பூசுங்கள், ஐயா. மரப்பட்டைச் சாற்றிலிருந்து தோலில் ஏறிய துவர்ப்புப் பொருளான டானினோடு இரும்பு சேர்ந்துதான் அந்தக் கறுப்பு உண்டாகிறது. அதே இரும்புச் சாயம் லினன் நூலில் ஊறினால் காலப்போக்கில் நூலை நலியச் செய்யும். பூசியபின் சமையல் சோடா கரைத்த நீரால் புளிப்பை முறித்து, நன்றாக அலசி, வினிகர் வாடை அறவே போகும்வரை நிழலில் காற்றாட விடுங்கள். அந்த ஆவி எஞ்சியிருந்தால் ஈயக்குண்டுகளின்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது நச்சுத்தன்மை உடையது. பிறகு மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை ஒருமுறை மெல்லியதாகத் தடவுங்கள், மிகுதியானால் பை தொளதொளத்துவிடும். சாயத்தை முதலில் வெட்டியெறிந்த துண்டொன்றில் பூசிப் பார்த்து, காய்ந்ததும் அதை மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் வெடிப்புத் தெரிந்தால் சாயத்தில் இன்னும் நீர் கலக்க வேண்டும்.