நங்கநல்லூரில் வீட்டு வாசலுக்கே மளிகை, காய்கறி தருபவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். நான் கோவையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் சென்னை நங்கநல்லூரில் தனியாக இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. கொரோனாவால் வெள்ளிக்கிழமை, 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு. மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணியிலிருந்து மதியம் 2 வரைதான். 21, 28 ஞாயிறுகளில் அதுவும் கிடையாது. வெளியூர் போக அரசு தருகிற அனுமதிச்சீட்டான இ-பாஸ் இல்லாமல் நான் கிளம்பி வரவும் வழியில்லை.

கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றியதிலிருந்து எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டி வருவதே இல்லை. ஆன்லைனில் எப்போது பார்த்தாலும் டெலிவரி ஸ்லாட் காலி இல்லை. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கடை வாசலில் இடைவெளி விட்டு நிற்க வட்டம் போட்டிருக்கிறார்களாம், ஆனால் கத்தரிக்காய்க் கூடையை எல்லாரும் சூழ்ந்துதான் நிற்கிறார்களாம். நேற்று வீடியோ காலில் பார்த்தால் அப்பாவின் மாஸ்க் தாடையில் தொங்குகிறது. அம்மா பால் பாக்கெட்டைக்கூட சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் உள்ளே எடுக்கிறார். அப்பா கூட்டத்தில் போய் நிற்கும்போது அதனால் என்ன பயன்? எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை.

போனில் லிஸ்ட் சொன்னால் கேட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற கடை ஏதாவது தெரியுமா? பணத்தை நான் இங்கிருந்தே ஜிபேயில் போட்டுவிடுவேன். இன்சுலினை ஐஸ் வைத்துக் கட்டி அனுப்புகிற மருந்துக்கடை இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுதான் ரொம்ப அவசரம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். வெள்ளிக்குள் சாமான் வீட்டுக்கு வந்துவிட்டால் அப்பாவை வெளியே போகாமல் நிறுத்திவிடலாம்.