தெரபிஸ்ட் மேல் தங்கைக்கு ஒரே கோபம், நிறுத்திவிடலாமா?

கோத்தகிரி அக்கா:

என் தங்கைக்கு 24 வயது. போன வருடம் கோவையில் ஒரு மனநல மருத்துவர் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் ஆடும் ஒரு மனநலப் பிரச்சினை) என்று சொல்லி, உளப்பகுப்பாய்வு முறையில், அதாவது மனதின் ஆழத்தில் கிடப்பதைப் பேசிப் புரிந்துகொள்ளும் முறையில், தெரபி செய்யும் ஒரு மேடத்திடம் அனுப்பினார். வாரம் இரண்டு செஷன். ஒன்றுக்கு மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸில் போகிறாள், இன்னொன்று வீடியோவில்.

ஆரம்பத்தில் மேடம் மேடம் என்று உருகினாள். "அவங்களுக்கு மட்டும்தான் என்னைப் புரியுது" என்பாள். மே மாதம் அவர் இரண்டு வாரம் லீவில் போனார், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். திரும்பி வந்ததிலிருந்து அவர் பெயரை எடுத்தாலே இவளுக்கு ஆகவில்லை. நடிக்கிறார், காசுக்காகப் பேசுகிறார் என்கிறாள். செஷன் நாளில் இரவு சாப்பாடு கிடையாது, அழுகைதான்.

சின்ன வயதில் அப்பா அம்மா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது இவளை ஓர் உறவினர் வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே நடந்ததை இங்கே எழுத விரும்பவில்லை. மேடம் அதைப் பற்றி நேரடியாக இன்னும் எதுவும் கேட்கவில்லையாம். "காசு நாமதான் குடுக்கிறோம், உள்ளே என்ன பேசினாங்கன்னு கேட்டா நமக்கே சொல்ல மாட்டேங்கிறாங்க. புள்ள முன்னைவிட மோசமாயிட்டா, போதும் நிறுத்து" என்கிறார் அம்மா. பச்சைத் தேயிலை விற்கிற விலையில் செலவும் இடிக்கிறது. என்ன செய்யலாம்?

கூடலூர் தம்பி:

அக்கா, என் அண்ணனுக்கு மாத்திரையிலேயே குணமானது. பேசிப் பேசிப் பழசைக் கிளறுவதைவிட டாக்டரிடம் நல்ல மருந்தாகக் கேளுங்கள்.

குன்னூர்க்காரி:

அக்கா, இந்தக் கோபத்தைக் காரணமாக வைத்து மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கும் இதே கோளாறுதான், இதே வகை தெரபிதான், சில வருடங்களாகப் போகிறேன். இங்கே தேயிலை ஏலம் சம்பந்தப்பட்ட ஆபீஸில் வேலை.

தம்பி சொன்னதற்கு முதலில். அவருடைய அண்ணனுக்கு என்ன நோய் என்று தெரியாது. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் நானும் மாத்திரை எடுத்திருக்கிறேன், உதவியது. ஆனால் பார்டர்லைனுக்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை கிடையாது. பேச்சுதான் இதற்குப் பிரதான சிகிச்சை.

எங்களுக்கு ஒரு மனிதர் தெய்வமாக இருப்பார், இல்லாவிட்டால் துரோகி. நடுவில் ஒருவரை வைத்துப் பார்க்க வராது. நம்பியவர்களே விட்டுப்போன, அல்லது அடித்த வீட்டில் வளர்ந்த மனது நல்லதையும் கெட்டதையும் தனித்தனியாகப் பிரித்துவைத்துத்தான் பிழைக்கிறது. ஓட்டோ கெர்ன்பெர்க் என்ற மருத்துவர், வியன்னாவில் பிறந்து நியூயார்க் பக்கம் பணியாற்றியவர், இதை மையமாக வைத்தே வாரம் இருமுறை நடக்கும் ஒரு சிகிச்சையை உருவாக்கினார். மற்ற உறவுகள் எந்த இடத்தில் உடைகின்றனவோ அதே இடத்தில் தெரபிஸ்டுடனும் உடையும். அவர் திருப்பிக் கத்தவும் மாட்டார், விட்டு ஓடவும் மாட்டார். உடைந்ததைப் பற்றியே உட்கார்ந்து பேசுவார். உங்கள் தங்கை இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

என் தெரபிஸ்டும் ஒருமுறை லீவில் போனார். வந்த அன்று நான் கத்தியது வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் சமாதானம் சொல்லவில்லை. "நான் திரும்பி வரவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் அப்பா லாரி டிரைவர். கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். சனிக்கிழமை வந்துவிடுவார் என்பார் அம்மா. பல சனிக்கிழமை வரவில்லை, அப்புறம் ஒரேயடியாக வரவில்லை. அந்தக் கத்தல் நடந்து வெகுநாள் கழித்துத்தான் இந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்தது. யாரும் தோண்டி எடுக்கவில்லை.

அதனால் மேடம் பழைய விஷயத்தை இன்னும் கேட்காததை நான் நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992இலேயே, மனதைக் காயப்படுத்திய பழைய கொடுமைகளுக்கான சிகிச்சையை மூன்று கட்டமாக வகுத்துவிட்டார்: முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதற்கும் பிறகு மற்றவர்களோடு மறுபடி சேர்வது. கால் ஊன்ற இடம் கிடைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லவைத்தால் ஆள் மூழ்கிவிடுவாள்.

உள்ளே பேசியதை அம்மாவிடம் சொல்லாததும் சரிதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அந்த ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விஷயம் வேறு. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்திருந்தால் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

எல்லாக் கோபத்தையும் "அது நோய்" என்று தள்ளவும் கூடாது. தங்கையிடம் பக்குவமாகக் கேளுங்கள். தெரபிஸ்ட் சொந்த வேலை சொல்கிறாரா, நட்பு பாராட்டி வெளியே சந்திக்கிறாரா, தொடுகிறாரா? அப்படி ஏதாவது இருந்தால் அன்றைக்கே வெளியேற வேண்டும். சோபாவில் படுக்கவைத்து மணிக்கணக்காக மௌனமாக இருக்கும் பழைய பாணியும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு உண்டா என்று கேட்கலாம், தப்பில்லை.

பலன் உண்டா என்று அம்மா கேட்பார். லண்டனில் ஆந்தனி பேட்மன், பீட்டர் ஃபோனகி இருவரும் உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்த ஒரு முறையில் 18 மாதம் சிகிச்சை தந்து, அதன் பிறகும் குழுவாகக் கூட்டிப் பேசவைத்தார்கள். தொடங்கி எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்குத்தான் பார்டர்லைன் என்று சொல்லும் நிலை இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 87 சதவீதம். சுமார் 40 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் என் மோசமான நாட்களில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

ஊட்டி, ஓய்வுபெற்ற நர்ஸ்:

கண்ணு, குன்னூர்ப் பொண்ணு சொன்னதெல்லாம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கை கையைக் காயப்படுத்திக்கொள்கிறாளா, சாவைப் பற்றிப் பேசுகிறாளா? மேடத்துக்கும் டாக்டருக்கும் அதை உடனே சொல்ல வேண்டும். அவர்கள் உங்களிடம் சொல்லாவிட்டாலும் நீங்கள் அவர்களிடம் சொல்லலாம். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியே கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே அந்த 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

கோத்தகிரி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. பூச்சிமருந்து டப்பாவை ஷெட்டில் பூட்டிவிட்டேன். தங்கையிடம் கேட்டேன், மேடம் தப்பாக எதுவும் நடந்துகொள்ளவில்லையாம். "அவங்க லீவுல யாரோடயோ சந்தோஷமா இருந்திருப்பாங்க" என்றாள். இதை மேடத்திடம் நான் சொல்லலாமா? இன்னொன்று, மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்தால் நேரில் போகும் செஷன் விட்டுப்போகுமே?

குன்னூர்க்காரி:

நீங்கள் சொல்லாதீர்கள் அக்கா. "இதையே அவங்ககிட்ட சொல்லேன்" என்று அவளிடம் சொல்லுங்கள், அவள் வாயால் போகட்டும். ரோடு அடைத்தால் அதே நாள், அதே நேரம் போனில் வைத்துக்கொள்ளலாமா என்று இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள், மழை வந்த பிறகு வேண்டாம். வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா இருந்தால் அவளால் பேச முடியாது. நான் அண்ணனுடைய வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பேசுவேன். சிக்னல் கிடைக்கிற மேட்டில் நிறுத்தித் தருவார்.