லிஃப்ட் கிட் இல்லாமல் பிக்கப்புக்குப் பெரிய டயர்: போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

நாமக்கல், இசுஸு வி-கிராஸ்

நானே ஆரம்பிக்கிறேன். 2.5 லிட்டர் இன்ஜின் வண்டி. கம்பெனியிலிருந்து வந்தது 255/65 ஆர்17 (டயர் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், வீல் 17 அங்குலம்). இப்போது ஓடுவது 265/70 ஆர்17 ஆல்-டெரெய்ன், அதாவது தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான டயர். சஸ்பென்ஷனில் கை வைக்கவில்லை, வீலும் பழைய அலாய்தான்.

பழைய டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ., புதியது 803. விட்டம் 40 மி.மீ. கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டும்தான். அந்த 20-க்காகவா இவ்வளவு செலவு என்று வீட்டிலும் கேட்டார்கள். பின்பக்க ஆக்ஸிலின் நடுவில் புடைத்து நிற்கிறதே டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு), அது தரையிலிருந்து மேலே போக டயரை விட்டால் வேறு வழி கிடையாது. லிஃப்ட் கிட் என்று சஸ்பென்ஷனை உயர்த்த விற்கிற செட் பாடியைத்தான் தூக்கும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். கொல்லிமலை மேலே மிளகுத் தோட்டங்களுக்குப் போகும் மண் பாதையில், இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே தூக்கி நிற்கும் கல் இடிப்பது அந்த இடத்தில்தான். எனக்கு இந்த 20 மி.மீ. பெரிய விஷயம்.

உரசல் பற்றித்தான் எல்லோரும் கேட்பீர்கள். டயர் கடையில் சமதரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிட்டு "எங்கேயும் படவில்லை சார்" என்று சொல்வதை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நிற்கும் வண்டியில் ஸ்பிரிங் அமுங்காது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங் முழுக்க ஒடிந்திருக்கும்போதே வண்டி வெளிப்பக்கம் சாயும், அந்தப் பக்கத்து முன் சக்கரம் வீல் ஆர்ச்சுக்குள் ஏறும். அதே இடத்தில் ரோட்டில் ஒரு பள்ளமும் இருந்தால் 'சரக்' என்று சத்தம் வரும்.

நான் பார்த்த விதம் இது. முன் டயரின் தோள்பட்டையில், அதாவது ஓடுதளம் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில், சுற்றிலும் சாக்பீஸைத் தேய்த்தேன். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கருங்கல் திண்டில் ஏற்றி, ஒடித்தபடியே முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தச் சொன்னேன். ரிவர்ஸில் பார்ப்பது ரொம்ப முக்கியம். இறங்கி டார்ச் அடித்தால், வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் பின் கீழ் மூலையில், மட்ஃபிளாப் ஸ்க்ரூவுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. உள்பக்கம், சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்மில் சாக்பீஸ் ஒட்டவே இல்லை. ஆக, பிரச்சினை அந்த ஒரு மூலையோடு சரி. மட்ஃபிளாப்பைக் கழற்றி ஓரத்தைச் சீவி, லைனரை ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னால் தள்ளினோம். பிறகு அலைன்மென்டில், கீழ் ஆர்மின் கேம் போல்ட்டை வைத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கொடுத்தார் மெக்கானிக். கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) கம்பெனி சொன்ன அளவுக்குள்ளேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அகலமான அலாய் போடலாம் என்று ஆசை காட்டுவார்கள். வீல் வெளியே தள்ளி நின்றால், ஒடிக்கும்போது டயர் சுற்றி வரும் வட்டம் பெரிதாகும். உள்ளே ஆர்மில் படாத டயர் வெளியே பம்பர் முனையிலும் ஃபெண்டரிலும் படும். பழைய வீலே போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

இழுவை குறையும், அது உண்மை. விட்டம் 5 சதவீதம் கூடினால் எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்ட மாதிரி. முன்பு மூன்றாவதில் ஏறிய ஏற்றத்தில் இப்போது இரண்டாவதுக்கு வர வேண்டியிருக்கிறது. மீட்டர் 100 காட்டும்போது பழைய டயரில் போன வேகத்தைவிட 5 கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறது, ஜி.பி.எஸ். வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓடோமீட்டரும் குறைத்துத்தான் எண்ணும். மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், ஓடிய தூரத்தை 1.05-ஆல் பெருக்கிவிட்டு டீசலால் வகுத்துப் பாருங்கள். குறைவு இருக்கும், ஆனால் பயந்த அளவுக்கு இருக்காது.

ஒட்டன்சத்திரம், பொலேரோ கேம்பர்

அண்ணே, சாக்பீஸ் யோசனை அருமை. நான் லோடு ஏற்றுகிறவன், அதனால் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். 215/75 ஆர்15 கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டேன். விட்டத்தில் 30 மி.மீ. கூடுதல். காலி வண்டியில் பின்னால் கை நுழையும் அளவு இடம் இருந்தது. மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் ஏற்றி நிறுத்திப் பார்த்தால் லீஃப் ஸ்பிரிங் படிந்து, அந்த இடம் பாதியாகிவிட்டது. உரசவில்லை. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்த பழைய வண்டியாக இருந்தால் பட்டிருக்கும். லோடு வண்டிக்காரர்கள் லோடோடு அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று. டயர் பெரிசானதால் கூடுதலாக ஏற்றலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். ஆக்ஸிலும் பிரேக்கும் பழையதுதானே? அளவைவிட டயரின் லோடு இண்டெக்ஸை, அதாவது அது எவ்வளவு எடை தாங்கும் என்று குறிக்கும் எண்ணைப் பாருங்கள். பழைய டயரில் இருந்ததைவிட அது குறையவே கூடாது.

மஸ்கட், டொயோட்டா ஹைலக்ஸ்

இங்கே கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். 265/65 ஆர்17 வந்தது, 265/70 போட்டுக் கொடுத்தார்கள். சஸ்பென்ஷன் ஸ்டாக், கம்பெனியில் வந்தபடியே. விட்டத்தில் 3.4 சதவீதம்தான் வித்தியாசம், உரசல் பெரிதாக இல்லை.

நான் சொல்ல வந்தது பிரேக் பற்றி. இங்கே ஒமானில் ஜபல் அக்தர் மலைக்கு 4x4 வண்டிகளை மட்டும்தான் போலீஸ் செக்போஸ்ட்டில் மேலே விடுவார்கள். ரோடு தார் ரோடுதான், இறக்கம் அவ்வளவு செங்குத்து. ஆல்-டெரெய்ன் டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல் எடை. சுற்றுகிற எடை என்பதால் நிறுத்தும்போது அது நன்றாகவே தெரிகிறது. பழைய டயரில் மூன்றாவது கியரில் இறங்கிய இடத்தில் இப்போது இரண்டாவதில் இறங்குகிறேன், பிரேக்கில் கால் வைத்தே இறங்குவதில்லை. பேடும் முன்னைவிடச் சீக்கிரம் தேய்கிறது.

மணலுக்காகப் பெரிய டயர் வாங்க நினைப்பவர்களுக்கு: மணலில் வண்டியைத் தூக்கிக் கொடுப்பது காற்றை இறக்குவதுதான். இங்குள்ள வஹீபா பாலைவன மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் ஸ்டாக் டயரே மிதந்து போகும். காற்று நிரப்ப ஒரு நல்ல கம்ப்ரஸரை முதலில் வாங்குங்கள்.

தேனி, வி-கிராஸ்

265/60 ஆர்18 வீலோடு பழைய டயர் ஒன்று கைவசம் இருக்கிறது, அதை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு மற்ற நாலும் 265/65 ஆர்18 போடலாமா? அப்படியே 285/70 ஆர்17 பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

நாமக்கல், இசுஸு வி-கிராஸ்

தேனி நண்பருக்கு. ஐந்தும் ஒரே அளவு இருப்பதுதான் சரி. நம் வண்டியில் இருப்பது பார்ட்-டைம் 4x4, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் தனி டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் சின்னதாக இருக்கும்போது 4எச் (நாலு சக்கரமும் இழுப்பது) போட்டால், முன்னும் பின்னும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடி. அவசரத்துக்குச் சின்ன ஸ்டெப்னிதான் இருக்கிறது என்றால், பஞ்சர் பின்னால் ஆனாலும் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டி, ஸ்டெப்னியை முன்னால் போட்டு, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்சில் மெதுவாக வீடு வந்து சேருங்கள். பெரிய டயர் வாங்கும் முன், பாடிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் அது ஏறுமா என்றும் மாட்டிப் பாருங்கள்.

285/70 ஆர்17 விட்டம் 831 மி.மீ., என் வண்டியின் ஸ்டாக் 255/65 ஆர்17-ஐவிட கிட்டத்தட்ட 9 சதவீதம் பெரிது. ஸ்டாக் சஸ்பென்ஷனில் அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிளாஸ்டிக்கைச் சீவினால் தீராது, தகட்டிலேயே கை வைக்க வேண்டி வரும். கியர், பிரேக் எல்லாமே கஷ்டப்படும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கிறது, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் மாடலுக்கு எந்தெந்த அளவு அனுமதி என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டயருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.