மோசஸ் இட்டௌமாவைப் பற்றிப் பேசுவதெல்லாம் உண்மைதானா?

கோவை_ஜாப் (ஆகஸ்ட் 18, 2025)

சனிக்கிழமை ரியாத் பாக்ஸிங் சண்டையைப் பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். பிரிட்டன் ஹெவிவெயிட் மோசஸ் இட்டௌமா, டில்லியன் வைட்டை 119 வினாடியில் முடித்துவிட்டார். இருவரும் ரிங்குக்கு நடந்து வந்த நேரமே அதைவிட அதிகம்.

பையனுக்கு 20 வயது. 13 சண்டை, 13 வெற்றி, அதில் 11 நாக் அவுட். யூடியூபைத் திறந்தால் ‘அடுத்த டைசன்’, ‘உலக சாம்பியன் உசிக்கோடு உடனே மோதவிடுங்கள்’ என்று ஒரே கூத்து. எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. வைட்டுக்கு வயது 37. போன வருடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்த மரியுஸ் வாக்குக்கு 44. இந்த மே மாதம் கிளாஸ்கோவில் விழுந்த மைக் பலோகனும் நாற்பதைத் தாண்டியவர். ஓய்வு பெறவேண்டியவர்களாகப் பார்த்து வரிசையில் நிறுத்தினால் யார்தான் சூரர் இல்லை?

நான் பாக்ஸிங் பார்க்க ஆரம்பித்தே நாலைந்து வருடம்தான். பழைய ஆட்கள் இருந்தால் விளக்குங்கள். இந்த ஹைப் தகுமா, தகாதா?

லண்டன்_குளிர்

இங்கே இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன், தம்பி. பிரிட்டனில் ஹெவிவெயிட் ஒருவன் நாலு பேரைச் சாய்த்தால் போதும், பத்திரிகைக்காரர்கள் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். டேவிட் பிரைஸ் ஞாபகம் இருக்கிறதா? 2008 ஒலிம்பிக் வெண்கலம், ஆறடி எட்டங்குலம், தொட்டால் விழுவார்கள். முன்னாள் உலக சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸுக்கு அப்புறம் இவர்தான் என்றார்கள். 2013 பிப்ரவரியில் சொந்த ஊர் லிவர்பூலில், 41 வயது டோனி தாம்சன் இரண்டாவது ரவுண்டில் படுக்கவைத்தார். சரி, ஏதோ அதிர்ஷ்ட அடி என்று ஜூலையில் அதே ஊரில் மறுபடி மோதவிட்டார்கள். மறுபடியும் தாம்சன்தான், ஐந்தாவது ரவுண்டு.

இட்டௌமா பிறந்தது ஸ்லோவாக்கியாவில், வளர்ந்தது கென்ட் பக்கம் சாத்தமில். பையன் பேச்சில் அலட்டல் கிடையாது, அது பிடிக்கும். ஆனால் நான் இன்னும் கை தட்டவில்லை.

வடசென்னை_சவுத்பா

கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவன். இப்போது வியாசர்பாடிப் பக்கம் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பேடு பிடிக்கிறேன். அதனால் யார் விழுந்தார் என்பதைவிட எப்படி விழுந்தார் என்பதில்தான் என் கண் போகும்.

வைட் சண்டையின் வீடியோவை வேகம் குறைத்துப் பாருங்கள். கையை விடுங்கள், காலை மட்டும் பாருங்கள். இட்டௌமா இடதுகை ஆட்டக்காரர், அதாவது வலது கால் முன்னால். வைட்டுக்கு இடது கால் முன்னால். இரண்டு முன்கால்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் யாருடைய கால் வெளிப்பக்கம் போகிறதோ அவன் கைக்குத்தான் வழி திறக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே கால் வை என்று கத்துவேன். இரண்டு முறை வைப்பான். மூன்றாவது முறை அடிக்கும் ஆசையில் நேராக உள்ளே போய் மூக்கைக் கொடுத்துவிட்டு வருவான். இட்டௌமா அந்தக் காலை அவசரமே இல்லாமல் வைக்கிறார். வைத்த பிறகுதான் கை வருகிறது. வலது ஹூக், அதாவது வளைத்து வீசும் குத்து, வைட்டின் தலைப் பக்கத்தில் பட்டதும் முட்டி ஆடிவிட்டது. அதற்கப்புறம் கயிற்றோரம் நடந்ததெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன சண்டைக்குக் கையெழுத்துப் போடும் வேலைதான். வைட் எழுந்தார், ஆனால் கால் தரையில் ஒட்டவில்லை. நடுவர் நிறுத்தியது சரி.

எங்கள் பக்கத்தில் இளம் பையன் எதிராளிக்கு அடி உறைத்ததைப் பார்த்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பஞ்ச் வீசுவான், எட்டு கிளவுஸில் படும். இவர் அந்த நேரத்திலும் இடம் பார்த்து அடிக்கிறார். தலை, விலா, மறுபடி தலை. 20 வயதில் அந்த நிதானம் காசு கொடுத்து வாங்கக்கூடியது இல்லை. பதினேழு, பதினெட்டு வயதிலேயே பெரிய ஹெவிவெயிட்டுகளோடு ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) ஆடி வளர்ந்த பிள்ளை. 2022இல் இளையோர் உலகப் பட்டமும் கையில் இருக்கிறது. பயிற்சி தருவது பென் டேவிசன். டைசன் ஃப்யூரி எடை ஏறிக் கிடந்து திரும்பி வந்தபோது மூலையில் நின்றவர்.

இனி வயது விஷயம். கோவைத் தம்பி சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சரி. வயதானவர்களை மற்றவர்களும் அடித்திருக்கிறார்கள். எவ்வளவு நேரத்தில் அடித்தார்கள் என்று பாருங்கள். வாக் 2012இல் அப்போதைய உலக சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவிடம் 12 ரவுண்டும் வாங்கிக்கொண்டு நின்றவர். 2019இல் இதே வைட்டால் அவரைச் சாய்க்க முடியவில்லை, புள்ளியில்தான் ஜெயித்தார். டெம்சி மெக்கீனை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் கிழவர் இல்லை. ஃபிலிப் ஹெர்கோவிச் ஒலிம்பிக் பதக்கக்காரர், அவருக்கே மெக்கீனை முடிக்க 12ஆவது ரவுண்டு வரை ஆனது. இட்டௌமாவுக்கு ஒரு ரவுண்டு தேவைப்பட்டது. வைட்டை ஆந்தனி ஜோஷுவா ஏழாவதிலும், பொவெட்கின் ஐந்தாவதிலும், ஃப்யூரி ஆறாவதிலும் முடித்தார்கள். அப்போது வைட் நல்ல நிலையில் இருந்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் ரவுண்டில் அவரை யாரும் முடித்ததில்லை.

ஆக, கையில் சரக்கு இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் முரண்டு பிடிக்கும் இடம் ‘அடுத்த டைசன்’. முதலில், மிக இளைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் என்ற அந்தச் சாதனைக் கணக்கே முடிந்துபோனது. டைசன் 1986 நவம்பர் 22 அன்று டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டம் எடுத்தபோது அவருக்கு 20 வயது 4 மாதம். இட்டௌமா 2004 டிசம்பரில் பிறந்தவர். இந்த மே மாதம் பலோகனோடு மோதிய வாரத்திலேயே அந்த வயதைக் கடந்துவிட்டார். அப்படியும் போஸ்டரிலிருந்து டைசன் பெயர் இறங்கவில்லை, அது வியாபாரம்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. டைசனின் முதல் 19 சண்டையும் நாக் அவுட். எல்லோருக்கும் அது தெரியும். இருபதாவது சண்டையை யாரும் பேசுவதில்லை. 1986 மே 3, ஜேம்ஸ் டில்லிஸ். பத்து ரவுண்டும் நின்றார். டைசன் புள்ளியில்தான் ஜெயித்தார், இரண்டு நடுவர்கள் டைசனுக்கு ஆறு ரவுண்டு, டில்லிஸுக்கு நாலு என்றுதான் கொடுத்தார்கள். டில்லிஸ் நாலாவது ரவுண்டில் விழுந்திருக்காவிட்டால் கதை இன்னும் இறுக்கமாகியிருக்கும். அடுத்த 17ஆவது நாளே மிட்ச் கிரீன், மறுபடி பத்து ரவுண்டு. கிரீன் கட்டிப்பிடித்து, சாய்ந்து, நேரத்தை ஓட்டித் தொல்லை கொடுத்தார். பெர்பிக்கிடம் போனபோது அது டைசனுக்கு 28ஆவது சண்டை. விழாதவனோடு அரைமணி நேரம் எப்படி இருப்பது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்.

இட்டௌமாவுக்கு அந்தப் பாடம் இன்னும் நடக்கவில்லை. இரண்டு சண்டை புள்ளிக்குப் போயிருக்கிறது, இரண்டுமே ஆறு ரவுண்டுச் சண்டைகள். ஏழாவது ரவுண்டுக்கான மணி அடித்து அவர் ஸ்டூலிலிருந்து எழுந்ததே கிடையாது.

இது சின்ன விஷயம் இல்லை. என்னிடம் ஒரு பையன் இருந்தான். மாவட்டப் போட்டியில் எல்லோரையும் முதல் ரவுண்டிலேயே முடித்துவிடுவான். மாநிலப் போட்டியில் ஒருத்தன் கழுத்தைக் கட்டிக்கொண்டே ஆடினான். மூன்றாவது ரவுண்டுக்கு நம் ஆள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறான், தண்ணீர் கொடுத்தால் விழுங்கத் தெரியவில்லை, கொப்பளிக்கவும் தெரியவில்லை. அடி ஒன்றும் பெரிதாக வாங்கவில்லை. களைப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது, அதுவும் ரிங்குக்குள் வைத்து.

அமெரிக்காவில் ஜேரட் ஆண்டர்சனுக்கும் இப்படித்தான் மேளம் அடித்தார்கள். 2024 ஆகஸ்டில் மார்ட்டின் பகோலே வந்து ஐந்தாவது ரவுண்டில் மூட்டை கட்டிவிட்டார். எட்கர் பெர்லாங்கா எடை வகுப்பு வேறு, ஆனால் தொடர்ச்சியாக 16 பேரை முதல் ரவுண்டில் சாய்த்தவர். தரமான ஆட்கள் எதிரே வந்ததும் நாக் அவுட் காணாமல் போனது.

என் தீர்ப்பு கேட்டால்: திறமைக்கு வந்த பேச்சு நியாயம், நான் பார்த்த 20 வயதுக்காரர்களில் இவ்வளவு நல்ல கால் யாருக்கும் இல்லை. உசிக்கோடு இப்போதே என்பது அயோக்கியத்தனம். உசிக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை, பையனைத்தான்.

பத்துக்குள்_எண்ணு

சவுத்பா அண்ணே, எல்லாம் சரி. தாடையைப் பற்றி, அதாவது அடி தாங்கும் சக்தியைப் பற்றி, ஒரு வார்த்தையும் காணோமே? இவருடைய அண்ணன் கரோல் இட்டௌமாவும் இப்படித்தான் தோல்வியே இல்லாமல் வந்தார். 2022இல் எசெக்கியேல் மதேர்னாவிடம் நாக் அவுட்டில் போனார். குடும்பத்திலேயே தாடை லேசோ என்று எனக்கு ஒரு டவுட்.

வடசென்னை_சவுத்பா

தம்பி, தாடைக்கு ஜாதகம் பார்க்காதீர்கள். கரோல் லைட் ஹெவிவெயிட், எடை வகுப்பே வேறு. அண்ணன் விழுந்தால் தம்பி விழவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கிளிட்ச்கோ சகோதரர்களில் விளாடிமிர் எத்தனை முறை தரையைப் பார்த்தார், விட்டாலி ஒருமுறைகூட விழவில்லையே?

இட்டௌமாவின் தாடை எப்படி என்று இப்போதைக்கு நமக்குத் தெரியாது, ஏனென்றால் அதை யாரும் சரியாகத் தொடவில்லை. ஹைப் பேசுபவர்கள் அதை இரும்பு என்கிறார்கள், நீங்கள் கண்ணாடி என்கிறீர்கள். இரண்டும் ஆரூடம்.

கோவை_ஜாப்

நன்றி அண்ணே. மெக்கீன் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, ஹெர்கோவிச் சண்டையை இன்றைக்குத் தேடிப் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி. நீங்கள் அவர் மூலையில் இருந்தால் அடுத்து யாரைக் கேட்பீர்கள்? பகோலேயா?

லண்டன்_குளிர்

பகோலே இப்போது வேண்டாம். பிப்ரவரியில் ஜோசப் பார்க்கரிடம் இரண்டாவது ரவுண்டில் போனவர். அவரை இட்டௌமா சாய்த்தால் ‘ஏற்கெனவே உடைந்த ஆள்’ என்று நானே இங்கே வந்து எழுதுவேன்.

வடசென்னை_சவுத்பா

அது தெரிந்த விஷயம்தானே, உங்களைத் திருப்திப்படுத்த அந்தக் காலத்து சாம்பியன் ஜோ லூயிஸே சமாதியிலிருந்து எழுந்து வரவேண்டும்.

நான் ஜெர்மைன் ஃபிராங்க்ளினைக் கேட்பேன். பெரிய பெயர் இல்லை, டிக்கெட் பறக்காது, அதனால் புரமோட்டர் முகம் சுளிக்கலாம். ஆனால் 2022 நவம்பரில் வைட்டோடு 12 ரவுண்டு, 2023 ஏப்ரலில் ஜோஷுவாவோடு 12 ரவுண்டு. இரண்டிலும் புள்ளியில் தோற்றார், இரண்டிலும் நின்றுகொண்டுதான் முடித்தார். இதுவரை யாரும் அவரை நிறுத்தியதில்லை. வயதும் முப்பத்துச் சொச்சம்தான், கிழவர் என்று யாரும் சொல்ல முடியாது. உடம்பைச் சுருக்கி, தோளுக்குள் தலையை வைத்து ஆடுகிறவர். இட்டௌமாவின் அந்த வலது ஹூக்குக்கு லேசில் இடம் கிடைக்காது.

ஃபிராங்க்ளினையும் மூன்று ரவுண்டுக்குள் முடித்தால் என் சந்தேகத்தில் பாதி போய்விடும். ஒன்பதாவது, பத்தாவது வரை இழுத்து, மூச்சு வாங்கி, புள்ளியில் ஜெயித்தால் மீதியும் போய்விடும். அப்படி ஒரு சண்டை நடந்த மறுநாள் யூடியூபில் ‘ஹைப் உடைந்தது’ என்று தலைப்புப் போடுவார்கள் பாருங்கள்.

பத்துக்குள்_எண்ணு

போடுவது அவர்கள், பார்ப்பது நாம்தானே அண்ணே. வைட் சண்டையில் அந்தக் கால் வைக்கிற இடம் எத்தனையாவது வினாடி? லிங்க் இருந்தால் போடுங்கள், எங்கள் கிளப் பிள்ளைகளுக்குக் காட்டணும்.