சி1, சி2, சி5, சி6: ஹார்ட் டிஸ்க்கிலும் சிடியிலும் ஒரே பொருள்தானா?

பனையோலை:
1 டிபி லேப்டாப் ஹார்ட் டிஸ்க். டிஸ்க் நலம் பார்க்கும் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது: 05-க்கு நேரே 0, சி5-இல் 8, சி6-இல் 8, சி7-இல் 12சி. பழைய சிடி-ஆர் ஒன்றை ஸ்கேன் செய்தால் அங்கேயும் சி1, சி2 என்று பிழைக் கணக்கு. சி2 மொத்தம் 340. எல்லாம் ஒரே வரிசையா? ஃபார்மேட் செய்தால் அந்த 8 போய்விடுமா? பேக்கப் எடுக்காத ஃபைல்கள் உள்ளே இருக்கின்றன.

சுழல்தட்டு:
ஃபார்மேட்ல கை வைக்காதீங்க. முதல்ல காப்பி.

சி5 என்பது பதினறும எண், நம்ம கணக்கில் 197. ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும்) பட்டியலில் வரிசை எண், அவ்வளவுதான். அதே பட்டியலில் சி1-உம் சி2-உம் கூட உண்டு: 193 ஹெட் (படிக்கும், எழுதும் முனை) ஏறி இறங்கிய தடவை, 194 வெப்பநிலை. சிடி கணக்குக்கும் இதுக்கும் சொந்தமில்லை.

சி5 = படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார் (டேட்டா எழுதும் சிறு துண்டு). சி6 = டிஸ்க் தானே நடத்தும் சோதனையில் சிக்கியது. 05 = உதிரி இடத்துக்கு மாற்றியாச்சு. உங்க 8-க்கு பயப்பட வேண்டாம்: இப்போதைய தட்டுகளில் நிஜ செக்டார் 4096 பைட், வெளியே 512 பைட்டாகக் காட்டும். ஆக ஒரே ஒரு செக்டார் கெட்டாலே கணக்கில் 8 ஏறும்.

சி7-இல் உள்ள 12சி-யும் பதினறும எண்ணே, அதாவது 300. அது தட்டுக் கோளாறு இல்லை, கேபிள் அல்லது கனெக்டர் வழியில் வந்த சிஆர்சி (டேட்டா சரிபார்ப்பு) பிழை. அந்த எண் குறையவே குறையாது. கனெக்டரைச் சரியாகப் பொருத்திய பிறகு ஏறாமல் நின்றால் போதும்.

காப்பிக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். சேருமிடம் அதே அளவோ பெரிசோ இருக்கணும், மேப் ஃபைலும் (எந்த இடம் எடுத்தாச்சு என்ற குறிப்பு) வேற டிஸ்க்கில். முதல் சுற்றில் சிக்கலான இடத்தைத் தாண்டி நல்லதை எல்லாம் எடுத்துடுங்க. மிச்சத்துக்கு அப்புறம் 3 முயற்சி. அதுக்கு முன்னாடி விண்டோஸின் பிழை பார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டினா, கெட்ட இடத்திலேயே ஹெட் முட்டி முட்டி உள்ளதும் போகலாம்.

எல்லாம் எடுத்த பிறகு ஃபார்மேட், ஆனால் "க்விக்" டிக்கை எடுத்துவிட்டு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும்; அந்த இடம் நல்லதா, உதிரி இடத்துக்கு மாற்றணுமா என்று எழுதும்போதுதான் டிஸ்க் முடிவெடுக்கும். சி5 0 ஆகி, 05-உம் 0-விலேயே இருந்தால், எழுதும் நடுவில் கரண்ட் போனது மாதிரியான கோளாறு. 05 ஏறினால் தட்டின் பரப்பே கெட்டிருக்கு. பிறகும் ஏறிக்கிட்டே போனால் அந்த டிஸ்க்கில் முக்கியமானது எதையும் வைக்காதீங்க.

வட்டுக்காரன்:
சிடி பக்கம் நான். இங்கே சி1, சி2 என்பவை பிழைதிருத்தத்தின் இரண்டு கட்டங்கள். சி1 எல்லா சிடியிலும் வரும். நொடிக்கு சராசரி 220 வரை தரநிலை அனுமதிக்கும். சி2 நல்ல சிடியில் 0 இருக்கணும். 340 என்றால் இப்போதே 4எக்ஸ், 8எக்ஸ் வேகத்தில் படிச்சு எடுத்துடுங்க. வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்க, ஒன்று திணறுவதை இன்னொன்று எடுக்கும்.

ஹார்ட் டிஸ்க் மாதிரி உதிரி இடத்துக்கு மாற்றுவது சிடி-ஆரில் கிடையாது. தடமும் வேற: ஹார்ட் டிஸ்க்கில் வட்டம் வட்டமாக, சிடியில் உள்ளிருந்து வெளியே ஓடும் ஒரே சுருள், இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அதனால் துணியால் சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. சுருளோடு நீளும் கீறல் அடுத்தடுத்த டேட்டாவைச் சேர்த்து அழிக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைங்க. லேபிள் பக்கக் கீறல் இன்னும் மோசம்: பிரதிபலிப்புப் படலம் அந்த மெல்லிய அரக்குக்கு நேர் கீழே.

பனையோலை:
டிவிடியிலும் சி2 பார்த்தால் போதுமா?

வட்டுக்காரன்:
இல்லை, அங்கே பிஐ, பிஓ என்ற இரண்டு பிழைதிருத்தக் கட்டங்கள். 16 செக்டார் சேர்ந்து ஒரு பிழைதிருத்தத் தொகுதி. 8 தொகுதிக்குக் கூட்டிய பிஐ பிழை 280-ஐத் தாண்டக் கூடாது. பிஓ-வில் திருத்த முடியாதது ஒன்று வந்தாலும், 16 செக்டாரில் ஏதோ ஒரு பகுதி போயிடுச்சுனு அர்த்தம்.